கோர்வை போட்ட கேபிள்

பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவில், கைலாசம் வீட்டு டிவியில் கோயில் ஆரத்தி காட்டினால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கன்னம் சுடும். நம்பினால் நம்புங்கள். பாலாபிஷேகம் ஒளிபரப்பானால் கூடத்துத் தரையைத் துடைக்க ஆள் வேண்டும். ஒருநாள் சமையல் நிகழ்ச்சியில் மிளகாய் தாளித்தார்கள். அடுத்த தெரு வரைக்கும் தும்மல். என் மனைவி அலமு மட்டும், அது அன்றைக்குத் தான் தாளித்த மிளகாய் என்று இன்றுவரை சாதிக்கிறாள். அவளுக்கு ஹோம் தியேட்டர் ஞானம் கிடையாது.

இந்த மகிமைக்குக் காரணம் டிவி அல்ல. அது எந்தக் கடையிலும் கிடைக்கிற டிவிதான். காரணம் அதன் முதுகில் செருகியிருந்த கேபிள். செட் டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகிற வயர். ஹெச்.டி.எம்.ஐ. என்று பெயர். விரிவு என்னவென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. விரிவு தெரியாத எழுத்துகளுக்கு நம்மிடம் எப்போதுமே மரியாதை அதிகம்.

அந்தக் கேபிளை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த மகான் ஆனந்தகுமார். 'திரை ஆரோக்கிய ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு வைத்திருந்தார். வெள்ளை ஜிப்பா. கழுத்தில் ஒரு ருத்திராட்சம், அதன் பக்கத்திலேயே ஒரு பென் டிரைவ். சனிக்கிழமை மாலைகளில் கைலாசம் வீட்டுக் கூடத்தில் அருள்பாலிப்பார். செருப்பு விடக்கூட இடமில்லாத கூட்டம். இருநூறு பேர் இருப்பார்கள். சரி, நாற்பது.

படம் கிளம்பும்போது சுத்தமாகத்தான் கிளம்புகிறதாம். வழியில் கண்ட செம்புக் கம்பியிலும் ஏறி இறங்கி அழுக்காகிறதாம். ஆகவே கேபிளுக்கு மேல் பட்டும் ஜரிகையும் சுற்ற வேண்டும் என்றார். மேலே சுற்றிய ஜரிகை உள்ளே போகிற படத்தை எப்படிக் குளிப்பாட்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் பேசும்போது யாருக்குமே எதுவும் தோன்றாது. அதுதான் அவர் தொழில்.

சாதா ஜரிகைக் கேபிள் உண்டு. புட்டா போட்ட கேபிள் உண்டு. அது கார்ட்டூனுக்கு உகந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கோர்வை கேபிள். கோர்வை என்பது எங்கள் ஊர்ப் பெருமை. தறியில் ஊடை நூலைக் குறுக்கே ஓட்டுகிற கட்டைக்கு நாடா என்று பெயர்; புடவையின் உடலை ஒரு நாடாவாலும் கரைகளை வேறு நாடாவாலும் நெய்து, இழுத்தாலும் பிரியாதபடி கோத்துவிடுவது. ஆனந்தகுமாரின் கோர்வை கேபிளில், உடல் வழியாகப் படம் போகுமாம். இரண்டு கரை வழியாகச் சத்தம் போகுமாம். ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாதாம். முசரவாக்கத்தில் நிலமும் கட்சியில் பொறுப்பும் வைத்திருக்கிற வேல்முருகன், தன் கட்சிக் கொடி நிறத்தில் கரை வைத்து ஒன்று சொல்லி வாங்கிப் போனார். அதைச் செருகியதிலிருந்து எதிர்க்கட்சிக்காரர்கள் முகம் மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெரிவதாகச் சொல்லிப் பூரித்தார்.

வேறு ஊராக இருந்தால் இந்தச் சரக்கு விலை போயிருக்காது. எங்கள் ஊரில் பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் நெசவாளி கையில் கொடுப்பார்கள். நெய்த புடவையை எடை போட்டுத்தான் திரும்ப வாங்குவார்கள். எடைதான் இங்கே நாணயம். ஆகவே கேபிள் என்று ஒன்று கைக்கு வந்ததும் ஊர் என்ன செய்தது? தூக்கிப் பார்த்தது. கனமாக இருந்தது. அப்புறமென்ன?

தூக்கிப் பார்த்தவர்களில் முதல்வர் கைலாசம். நான்கு தறி வைத்திருப்பவர். ஒரு புடவையை உள்ளங்கையில் ஏந்தி எடை சொன்னாரானால் தராசு தலைகுனியும். அவர் கோர்வை கேபிளை ஏந்தி, கண்ணை மூடி, "சரக்கு நல்ல சரக்குபா" என்றார். சர்வகலாசாலை முத்திரை வைத்துக் கொடுத்தாலும் அதற்குமேல் மதிப்பு இருந்திருக்காது.

செய்துகாட்டும் முறையும் அருமையானது. முதலில் செட் டாப் பாக்ஸோடு இலவசமாக வந்த கறுப்பு வயரைச் செருகுவார். படம் சோகையாக இருக்கும். அப்புறம் அதைப் பிடுங்கிவிட்டுக் கோர்வை கேபிளைச் செருகுவார். கையில் எலுமிச்சம்பழம் எடுத்துத் திரைக்குச் சுற்றுவார். எல்லாரும் கண்ணை மூடி, ஹெச்.டி.எம்.ஐ. என்று மூன்று முறை மனமுருகச் சொல்ல வேண்டும். சொல்வோம். கண்ணைத் திறந்தால் திரையில் தீபாவளி. சிவப்பு ரத்தச் சிவப்பு. பச்சை கிளிப் பச்சை. சாமி நகை ஒவ்வொன்றும் கண்ணைக் குத்தும். படத்தின் அழகைப் பார்க்க வந்த கூட்டத்தைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்ன ஒரே மனிதரை நான் பார்த்திருக்கிறேன் என்று பெருமையோடு சொல்லிக்கொள்வேன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு வேறென்ன வேலை? எல்லாச் சனிக்கிழமையும் போனேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

கண்ணைத் திறந்ததும் ஆஹா சொல்லாத ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான். கைலாசத்தின் மனைவி தில்லையம்மாள். அவருக்காகத்தான் இந்த வைபவமே. சில மாதங்களாக டிவி பார்க்கும்போது ஈர வேட்டிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடமாடுகிற மாதிரி தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கைலாசம் டிவியை மாற்றினார். ஈர வேட்டி போகவில்லை. அப்போதுதான் ஆனந்தகுமார் வந்து, டிவி குற்றமில்லை, கேபிள் குற்றம் என்று கண்டுபிடித்தார். சாதா ஜரிகை போட்டார். தில்லையம்மாள், முன்ன மாதிரியேதான்பா இருக்குது என்றார். புட்டா போட்டார். அதே பதில். கோர்வை போட்டார். நாற்பது பேரும் ஆஹா. தில்லையம்மாள் மெதுவாக, அதே மாதிரி என்றார்.

ஆனந்தகுமார் கலங்கவில்லை. அம்மாவின் நட்சத்திரத்துக்குக் கோர்வை போதாது, முகூர்த்த கேபிள் ஒன்று இருக்கிறது, வருகிற ஞாயிறு காலை நல்ல நேரத்தில் பூஜை போட்டுச் செருகினால் திரை கண்ணாடியாகிவிடும் என்றார்.

அங்கேதான் வம்பு தொடங்கியது. அதே ஞாயிறு காலைதான் தில்லையம்மாளுக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள்.

கொடுக்க வைத்தவள் மகள் காயத்ரி. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தாள். புரை முற்றிக்கொண்டு வருகிறது, தள்ளிப்போட்டால் பிறகு சிக்கலாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கைலாசத்துக்குக் கண்ணில் கத்தி வைப்பது என்ற பேச்சைக் கேட்டாலே எழுந்து தறிப் பக்கம் போய்விடுவார். தறியில் இழை அறுந்தால் எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டுவிடுவார். மனைவி கண்ணில் யாரோ முடிச்சுப் போடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கேபிளால் தீருகிற விஷயத்துக்குக் கத்தி எதற்கு என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். கேபிளால் தீருகிற விஷயமாக இருந்தால்.

அந்தச் சனிக்கிழமை காயத்ரி கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, கேபிள்ல ஓடறது வெறும் ஒண்ணும் சைபரும்தான். ஒழுங்கா வந்தா முழுசா வரும். கெட்டுப் போச்சுன்னா புள்ளி புள்ளியா வரும், இல்ல வரவே வராது. கொஞ்சம் அழகா, ரொம்ப அழகான்னுலாம் அதுல கெடையாது."

"ஒண்ணும் சைபரும்தான் பட்டு மேல போகுதுன்னு சார் சொல்றாரே," என்றார் வேல்முருகன். கூட்டம் தலையாட்டியது.

அவள் அதற்குமேல் விஞ்ஞானம் பேசவில்லை. புத்திசாலிப் பெண். டிவியின் பின்பக்கத்தை மட்டும் துணி கட்டி மறைத்து, அங்கே ஓர் ஆள் கேபிளை மாற்றி மாற்றிச் செருகட்டும்; முன்னால் இருப்பவர்கள் எது இலவச வயர், எது கோர்வை என்று சொல்லட்டும் என்றாள். சரியாகச் சொல்லிவிட்டால் அம்மாவின் ஆபரேஷனை அவளே ரத்து செய்துவிடுவாள். தப்பாகச் சொன்னால் நாளைக் காலை அம்மா ஆஸ்பத்திரிக்கு வருவாள். முகூர்த்தம் கேபிளுக்கல்ல, கண்ணுக்கு.

ஆனந்தகுமார் புன்னகைத்தார். இது தெய்வ காரியம், இதில் சோதனை கூடாது, சோதித்தால் கேபிள் கோபித்துக்கொள்ளும் என்றார். நான்கூட ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். கேபிள் கோபித்துக்கொண்டால் என்னாவது?

ஆனால் கைலாசத்தின் முகம் மாறியது. ஜரிகைக்காரர் ரத்தம் அது. ஜரிகையை உரசினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் போலி. உரசாமல் எங்கள் ஊரில் ஒரு கண்டு ஜரிகை கைமாறாது.

"சார்," என்றார் கைலாசம். "ஒரசிப் பாக்காதேன்னு சொல்ற வியாபாரி கிட்ட நாங்க சரக்கு வாங்கற வழக்கம் இல்ல. நீங்க சொன்னதுக்கு அப்பறம் ஒரசாம வுட்டா எங்கப்பா பேரு கெட்டுடும்."

அவர் நம்பிக்கை போய்விடவில்லை. தன் சரக்கு ஜெயித்துவிடும் என்றுதான் பந்தயம் கட்டினார். ஆனந்தகுமார் கூட்டத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வாசலில் செருப்புகள் மட்டும் ஓர் ஆள் உயரம் இருந்தன. சரி என்றார்.

டிவியைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். தில்லையம்மாளின் பழைய அரக்குப் புடவை இரண்டு பக்கமும் தொங்கியது. பின்னால் இருந்து கேபிள் மாற்ற யாரைப் போடுவது? எல்லாருக்கும் நம்பிக்கையான, நேர்மையான, ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்திப் பேசாத ஆள் வேண்டும். என்னைப் போட்டார்கள். எந்தக் கேபிள் என்பதை நானே முடிவு செய்துகொள்ளலாம், ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்றாள் காயத்ரி. நான் டிவிக்குப் பின்னால் போவதற்கு முன் ஆனந்தகுமார் கையிலிருந்த ரிமோட்டை மரியாதையாக வாங்கி முக்காலி மேல் வைத்தாள்.

"யாரும் கண்ண மூட வேணாம். எலுமிச்சம்பழமும் வேணாம். நல்லா முழிச்சுப் பாருங்க."

நான் உள்ளே நுழைந்தேன். ஒரு கையில் இலவசக் கறுப்பு வயர். இன்னொரு கையில் பட்டு மினுங்கும் கோர்வை. அந்த நேரத்தில் என் மனத்தில் குட்டிச்சாத்தான் ஒன்று குடியேறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கறுப்பு வயரைச் செருகினேன். கோயில் உற்சவப் படம் ஒன்று ஓட ஆரம்பித்தது.

"மாத்தியாச்சு" என்று குரல் கொடுத்தேன்.

வெளியே ஒரு பெருமூச்சு எழுந்தது. கோர்வை, கோர்வை என்றார்கள். வேல்முருகன், யானை முதுகில் இருக்கிற முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்றார்.

வயரைப் பிடுங்கினேன். நிறைய இருமினேன், அது இதுவென்று உருட்டினேன். திரும்ப அதே கறுப்பு வயரைச் செருகினேன்.

"மாத்தியாச்சு."

இப்போது முனகல். கைலாசத்தின் குரல் கேட்டது. "இது அந்த இலவச வயருபா. பாரு, ஊடை சரியா அடிக்காத புடவ மாதிரி தொளதொளன்னு இருக்குது." யானைக்கு வழுக்கை விழுந்துவிட்டது என்றார் வேல்முருகன்.

மூன்றாம் முறை. மறுபடியும் பிடுங்கல், இருமல், அதே கறுப்பு வயர். வெளியே கைதட்டலே வந்துவிட்டது. இதுதான் கோர்வை, இதில் சந்தேகமே இல்லை, சாமி நேரில் வந்த மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். புடவை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கைலாசம் திரையைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

கோர்வை கேபிளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு புடவையை விலக்கி வெளியே வந்தேன்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. கேபிளின் இரண்டு முனையும் என் தொப்பைமேல் ஆடிக்கொண்டிருந்தன. கூட்டம் படத்தைப் பார்த்தது, என் கழுத்தைப் பார்த்தது, மறுபடியும் படத்தைப் பார்த்தது. அந்த அமைதியில் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்துப் புறா சிறகடித்தது எனக்குக் கேட்டது.

மூணு தடவையும் அதே வயர்தான் என்றேன்.

முதலில் சுதாரித்தவர் ஆனந்தகுமார். அவரைப் பாராட்டியே தீர வேண்டும். கோர்வை கேபிளைச் செருக வேண்டும் என்றே அவசியமில்லை, அறையில் இருந்தாலே அதன் சக்தி பரவும், அதைத்தான் நீங்கள் இவ்வளவு நேரம் அனுபவித்தீர்கள் என்றார். என்ன ஆச்சரியம், பத்துப் பேர் தலையாட்டினார்கள். செருகாமலே வேலை செய்கிற கேபிளா என்று அவர்களுக்குப் பக்தி இன்னும் கூடிவிட்டது.

காயத்ரி முக்காலியிலிருந்து ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். திரை சோகை பிடித்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். தீபாவளி. மறுபடி சோகை. மறுபடி தீபாவளி.

"பிக்சர் மோடு," என்றாள். "எல்லா டிவிலயும் இருக்குது. நீங்க கண்ண மூடிக்கினு மந்திரம் சொல்லும்போது சார் இதத்தான் அழுத்திக்கினு இருந்தாரு."

ஆனந்தகுமார் ருத்திராட்சத்தைப் பிடிப்பதா பென் டிரைவைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டார். கைலாசம் மட்டும் அசையவில்லை. இவர்களுக்கு எப்படியோ போகட்டும், தில்லையம்மாளுக்குத் தெரியாததற்குக் காரணம் கேபிள்தான், முகூர்த்த கேபிளைப் போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது என்றார். குரல் கெஞ்சியது. அவர் ஆனந்தகுமாருக்காகப் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் வாயிலிருந்த கேலி உள்ளே போய்விட்டது.

காயத்ரி அம்மாவின் தோளைப் பிடித்து டிவிக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினாள். எதிர்ச் சுவரில் கொட்டை எழுத்தில் தினசரிக் காலண்டர் தொங்கியது.

"அப்பா, இன்னா தேதின்னு நீயே கேளுப்பா."

கைலாசம் தயங்கினார். "தில்ல, அந்தக் காலண்டர்ல இன்னா தேதி போட்டிருக்குது?"

தில்லையம்மாள் சுவரைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அங்க காலண்டர் மாட்டி இருக்குதா?" என்று கேட்டார்.



"காலண்டருக்கு எந்தக் கேபிள் சார் போடறது?" என்று காயத்ரி ஆனந்தகுமாரைக் கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் கைலாசம் என் கழுத்திலிருந்து கோர்வை கேபிளை உருவினார். கரை ஜரிகையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். சிவப்புப் பட்டிழை வரவில்லை. வெள்ளை நைலான் நூல் எட்டிப் பார்த்தது. தறிக் கத்தரியால் கேபிளின் தலையை வெட்டினார். உள்ளேயிருந்து மீன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகள் தரையில் உருண்டன. அதற்கும் உள்ளே, செட் டாப் பாக்ஸோடு இலவசமாக வருகிற அதே கறுப்பு வயர். எடைக்குப் பெயர்போன எங்கள் ஊரை ஈயத்தால் நிறுத்திருக்கிறார் மனிதர். பிறந்ததிலிருந்து ஜரிகை உரசிய கை, கேபிள் என்றதும் உரச மறந்திருக்கிறது.

ஆனந்தகுமார் போன வேகத்தில் ஒரு செருப்பு மாறிப் போனது. ஒன்று ஆண் செருப்பு, ஒன்று பெண் செருப்பு. வேல்முருகன், தனக்கு முதல் நாளே சந்தேகம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போனதும் கட்சிக் கரைக் கேபிளைக் கழற்றினாரா என்று நான் விசாரிக்கவில்லை. அவர் வீட்டில் எதிர்க்கட்சிக்காரர்கள் இன்னும் கறுப்பாகத்தான் தெரிகிறார்களாம்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த தில்லையம்மாள் முதலில் டிவியைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார். நன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏங்க, காதுல இவ்ளோ முடிய வெச்சிக்கினா ஊரெல்லாம் சுத்திக்கினு இருந்தீங்க?"

அப்புறம்தான் டிவி பக்கம் திரும்பினார். இலவச வயரில் ஓடிக்கொண்டிருந்தது. பளபளவென்று கண்ணைக் குத்துகிறது, கொஞ்சம் குறைத்து வை என்று மகளிடம் சொன்னார்.

இத்தனைக்கும் பிறகு ஒரே ஒருவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. கேபிளை நம்பும்போது கைலாசத்துக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சோதனையைப் பற்றி மட்டும் ஆயிரம் வந்தது. மூன்று தடவையில் ஒரு தடவையாவது நான் கோர்வையைச் செருகியிருப்பேன், எனக்கு மறந்திருக்கும், நான் எதையும் ஊதிப் பெருக்குகிற ஆள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். மனிதனுக்கு ஏமாந்தது வலிக்காது. ஏமாந்தேன் என்று தெரிவதுதான் வலிக்கும். அந்த வலிக்குப் பயந்தே பலர் சாகும்வரை ஆஹா சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் சன்னதித் தெரு டீக்கடையில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். கல்யாணப் புடவை எடுக்கத் திருமுக்கூடலிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் அவர்களிடம் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டேன். கூட்டத்தை ஐந்நூறு பேராக்கினேன். யானையை இரண்டாக்கினேன். கழுத்தில் கேபிள் தொங்க நான் வெளியே வந்த கட்டத்தில் அவர்கள் சிரித்துவிட்டார்கள். படித்த ஊர், பட்டு ஊர், செருகாத கேபிளுக்குக் கைதட்டுவார்களா, ரீல் விடாதீர்கள் என்றார்கள். கைலாசம் பக்கம் திரும்பி, இவர் சொல்வது நிஜமா பெரியவரே என்று கேட்டார்கள்.

கைலாசம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிய பிறகும் ஆற்றினார்.

"யானை ஒண்ணுதான்," என்றார். "ஜனம் நாப்பது இருக்கும். மத்தபடி நடந்துதுபா. கேபிள் இவரு கழுத்துல தொங்கிக்கினு இருந்துது, நான் டிவியப் பாத்துக் கும்புட்டுக்கினு இருந்தேன். தெரியுது தெரியுதுன்னு நாங்க அத்தினி பேரும் சொன்னோம். தெரியலன்னு சொன்னவ என் வூட்டுக்காரி ஒருத்திதான். அவ பேச்ச மட்டும் யாரும் காதுல வாங்கல."